பொருள் வகுத்தலும் பெண்டிர் காப்பும்

அரசின் இலக்கணம் கூறப் புகுந்த வள்ளுவர், பொருள் வரும் வழியை உண்டாக்குதல், அதனைச் சேர்த்தல், காத்தல் என்னும் மூன்றோடு நில்லாது, காத்த பொருளை உரிய துறைகட்குப் பகுத்தளித்தலையும் நான்காவதாக வைத்தார். சட்டம் எழுதப்பட்டதும் நீதி கிடைத்துவிடும் என எண்ணுவார்க்கு இந்நான்காம் கடமையின் அருமை எளிதில் புலப்படாது. அதனைத் தெளிவாகக் காட்டும் வரலாறு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்துள்ளது.

மனைவியை அடிக்கும் உரிமை கணவனுக்கு இல்லையென்று அலபாமா மாநில உச்சநீதிமன்றம் 1871-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. எனினும் நூறாண்டு கழிந்த பின்னும், அடிபட்ட பெண் போலீசாரை அழைத்தால், அவர்கள் அதனைக் குடும்பச் சச்சரவெனக் கொண்டு இருவரையும் அமைதிப்படுத்திச் செல்வதே பெருவழக்காயிருந்தது. 1974-இல் மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட்பால் நகரில் பெண்கள் தாமே கூடிப் புகலிடம் ஒன்றை அமைத்தனர். 1984-இல் கனெக்டிகட் மாநிலத்துக் கூட்டரசு நீதிமன்றமொன்று, கணவனால் தாக்கப்படும் பெண்ணைக் காவாது விடுதல் சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்னும் உரிமைக்கே மாறானது என்று கூறியது. சட்டம் இருந்தது, அதனைச் செயற்படுத்தும் பயிற்சியும் ஆளும் பொருளும் இல்லை.

இக்குறையை நீக்க எழுந்ததே 1994-ஆம் ஆண்டின் மகளிர்க்கெதிரான வன்முறைச் சட்டம். 1990-இல் செனட்டர் ஜோசப் பைடன் முதன்முதல் கொணர்ந்த இம்மசோதா, 1994 செப்டம்பர் 13-ஆம் நாள் அதிபர் கிளின்டன் ஒப்பமிடச் சட்டமாயிற்று. ஆறாண்டுகட்கு 160 கோடி டாலர் செலவிட அது இசைவளித்தது.

அந்நாட்டில் குற்றவியல் நீதி பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பாகும். எனவே கூட்டரசு ஆணையிடாமல், நிபந்தனையோடு பொருள் கொடுத்தது. சேவை, பயிற்சி, போலீசார், அரசு வழக்கறிஞர் என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் 'ஸ்டாப்' எனப் பெயர்பெற்ற மானியத்தில், போலீசுக்கும் அரசு வழக்கறிஞர்க்கும் பாதிக்கப்பட்டோர்க்கான சேவைக்கும் குறைந்தது கால் பங்கு வீதம் ஒதுக்கப்பட்டது. வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்ணின் மருத்துவச் சோதனைச் செலவை அவள் தலையில் சுமத்தும் மாநிலத்திற்கு இம்மானியம் இல்லை என்பது நிபந்தனைகளுள் ஒன்று. தன்மீது நிகழ்ந்த குற்றத்திற்குச் சான்று திரட்டும் செலவை அவளே ஏற்பதெனும் கொடுமையைப் பணப்பையின் வலிமை இவ்வாறு தடுத்தது. போலீசில் வழக்குத் தொடர இசையாத பெண்ணுக்கும் அச்சோதனை இலவசமாதல் வேண்டுமென 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்தது.

தாக்கப்பட்டவர் தாக்கியவன்மீது கூட்டரசு நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம் என்றும் அச்சட்டம் கூறியிருந்தது. 2000-ஆம் ஆண்டில் நாட்டின் உச்சநீதிமன்றம், ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் அப்பகுதியைச் செல்லாதாக்கியது. மானியப் பகுதியோ நிலைத்து நின்றது. சட்டம் தந்த உரிமை வீழ்ந்தவிடத்தும் பொருள் தந்த காப்பு வீழவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 2019 முதல் 2022 வரை சட்டத்தின் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாதிருந்த நாளிலும், காங்கிரஸ் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியே வந்தது.

எனினும் பொருளை யார்க்கு எவ்வளவு கொடுப்பது என்னும் வினா ஓயவில்லை. கணவன் சிறைப்பட்டால் உணவுக்கு வழியில்லாதவளும், குடியுரிமை இல்லாதவளும் போலீசாரை அழைக்கவே அஞ்சுவர். அவர்கட்குக் கைவிலங்கினும் புகலிடமும் வழக்கறிஞரும் பெருந்துணையாவர். 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் சேவைக்குரிய பங்கை நூற்றுக்கு 30 ஆக உயர்த்தி, நீதிமன்றங்கட்கு 5 ஒதுக்கியது இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்ததன் விளைவெனலாம். போலீசுக்கும் அரசு வழக்கறிஞர்க்கும் உரிய பங்குகளோ அவ்வாறே நின்றன.

ஆகவே, ஒரு சட்டத்தின் மெய்ம்மையை அறிய விழைவோர், அதன் வாசகத்தோடு நாட்டின் வரவு செலவுக் கணக்கையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். அரசின் இரக்கம் எத்துணை என்பதை முன்னது சொல்லும். அவ்விரக்கம் அடிபட்டவளின் வாயில்வரை சென்றதா என்பதைப் பின்னதே சொல்லும்.