நாணயமான ஆள் தேவை!

"வீடு கூட்ட, பாத்திரம் துலக்க, தரை துடைக்க நாணயமான ஆள் ஒருத்தி தேவை!"

இல்லங்கள்தோறும் எழும் குரல் இது. திண்ணையிலே கேட்கிறோம், கடைத்தெருவிலே கேட்கிறோம், மணப்பந்தலிலே வெற்றிலை மடித்தபடி மாதர்கள் பேசிக்கொள்ளும்போதும் கேட்கிறோம். "சொன்ன நேரத்துக்கு வரவேண்டும், கை சுத்தம் வேண்டும், எதிர்த்துப் பேசலாகாது" என்று தகுதிகள் அடுக்கப்படுகின்றன. அடுக்குவது குற்றம் என்று நாம் கூறவில்லை. முன்பின் அறியாத ஒருவரைத் தன் வீட்டுக்குள், அடுக்களை வரையில், அழைத்துச் செல்பவர் நாலும் விசாரிக்கத்தான் செய்வார். நாம் கேட்பது வேறு. வேலை தேடி வந்து வாசலிலே நிற்கிறாளே அந்தப் பெண், "இது நாணயமான வீடுதானா? பேசிய கூலி கைக்கு வருமா?" என்று விசாரிக்க விரும்பினால், யாரிடம் சென்று விசாரிப்பாள்? வீட்டுக்காரருக்குச் சான்று வழங்குபவர் எவர்?

விந்தையான கேள்வி என்று சிரிப்போர் உண்டு. சிரிக்கட்டும். கேள்வியின் முதற்பாதிக்கு விடை காண மேலைநாட்டார் சந்தை கூட்டினர், அலுவலகம் திறந்தனர், சட்டம் தீட்டினர். மறுபாதியோ நெடுங்காலம் தெருமுனையிலே நின்றது. அந்தக் கதையைச் சிறிது காண்போம்.

இங்கிலாந்திலே 1348ஆம் ஆண்டு புகுந்த கொள்ளைநோய், ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போயிற்று. பிழைத்திருந்த பாட்டாளி, தன் கைக்கு என்ன விலை என்பதை அன்றுதான் உணர்ந்தான். கூலியை உயர்த்திக் கேட்டான். கேட்டவனை அடக்கப் பிறந்தது 1351ஆம் ஆண்டுச் சட்டம். கூலி பழைய கூலிதான். கருவியைக் கையிலே ஏந்திச் சந்தை ஊருக்கு வந்து, பலரறியப் பொதுவிடத்தில் நின்றுதான் வேலைக்கு அமரவேண்டும். மறைவிலே பேரம் பேசலாகாது. இப்படி விதித்தது அந்தச் சட்டம். வயற்காட்டு ஆட்களுக்கென எழுந்த விதிதான். ஆனால், நின்று விலைபோகும் வழக்கம் வேரூன்றி, ஆண்டுக்கொரு முறை ஆள்பிடிக்கும் சந்தையாகக் கிளைத்தது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டிலே அந்தச் சந்தைக்குப் பெயர் 'மாப்' சந்தை. 'மாப்' என்றால் கோலின் முனையிலே துணி கட்டிய தரைதுடைப்பான். ஆட்டிடையன் தொப்பியிலே கம்பளி மயிரைச் செருகி நிற்பான்; தனித்தொழில் எதுவும் அறியாத பணிப்பெண் துடைப்பானை ஏந்தி நிற்பாள். அதனால் வந்த பெயர் என்பர்.

வருவார் எஜமானர், உற்றுப் பார்ப்பார், இரண்டொரு கேள்வி கேட்பார், மனம் ஒப்பினால் ஒரு காசை அவள் உள்ளங்கையிலே வைப்பார். நம் நாட்டிலே வீட்டுக்கும் மாட்டுக்கும் அச்சாரம் கொடுப்பதில்லையா, அதுபோல! நாணயம் ஒன்று கைமாறிற்று. ஓராண்டு உழைப்பு கைமாறிற்று. அமர்ந்த இடம் ஆகாதென்று கண்டு வெளியேறியவர்களுக்காக, இரண்டொரு வாரம் கழித்து இன்னொரு சந்தை கூடும். அதற்கு இட்ட பெயரைக் கேளுங்கள்: 'ஓடிவந்தோர் சந்தை'! எஜமானர் எதைச் செய்து விரட்டினார் என்பது பெயரிலே இல்லை. ஓடியது மட்டும் இருக்கிறது. பெயரிடும் உரிமை யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

லண்டன் மாநகர் வளர்ந்தது. நாட்டுப்புறத்துக் கன்னியர் வண்டி வண்டியாக வந்து இறங்கினர். அறிந்த ஊர், அறிந்த குடும்பம் என்ற நிலை போய், அறியாத முகங்கள் பெருகின. சீமாட்டிகளுக்கு அச்சம் பிறந்தது. பணிப்பெண்கள் கூலியை ஏற்றிவிட்டனர், பட்டுடுத்தி எஜமானியைப்போல் நடக்கின்றனர் என்று, ராபின்சன் குரூசோ கதையை எழுதிய டேனியல் டீஃபோவே 1725இல் புனைபெயரிலே ஒரு துண்டுநூல் எழுதிப் பொருமினார். ஊரெல்லாம் திரிந்த கற்பனை படைத்தவருக்கு, உலை மூட்டும் பெண்ணின் பக்கம் நின்று பார்க்கத் தோன்றவில்லை! 1750இல் நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங்கும் அவர் தம்பி ஜானும், ஸ்ட்ராண்ட் வீதியிலே பதிவு அலுவலகம் ஒன்று திறந்தனர். வேலையாள் வேண்டுவோரும் வேலை வேண்டுவோரும் அங்கே பதியலாம். பணியாளைப் பற்றி விசாரித்து அறிந்தே பதிவோம் என்பது அவர்கள் தந்த உறுதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விசாரணை யாரைப் பற்றி? பணியாளைப் பற்றி!

விசாரணைக்குரிய கருவி, முந்தைய எஜமானர் எழுதித்தரும் சான்று. ஆங்கிலத்திலே அதற்கு இட்ட பெயர் 'காரெக்டர்'. குணத்தைக் குறிப்பதும் அதே சொல். குணம் கூறும் தாளைக் குறிப்பதும் அதே சொல். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! அவளுடைய குணம் அவளிடத்திலே இல்லை. எஜமானியின் மேசை இழுப்பறையிலே இருந்தது. விடியுமுன் எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளி, கரியைச் சுமந்து மாடியேற்றி, படிக்கட்டை மண்டியிட்டுத் தேய்த்து, நள்ளிரவிலே படுத்தாளே, அந்த உழைப்பு அவள் குணமாகாது. எஜமானி மையைத் தொட்டு நாலு வரி எழுதினால்தான் குணம்!

பொய்ச் சான்று மலிந்தது. எங்கே குணத்தைத் தாள்தான் காட்டுமோ, அங்கே தாளைத் தயாரிப்பவர் தோன்றுவது இயல்பு. எனவே 1792இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. பொய்யாகச் சான்று கொடுத்தாலும், சான்றைத் திருத்தினாலும், இருந்த வேலையை மறைத்தாலும் 20 பவுன் தண்டம். பணிப்பெண் பல்லாண்டு பாடுபட்டாலும் சேர்த்துப் பார்க்க முடியாத தொகை அது! எஜமானரின் அச்சத்தைப் போக்கச் சட்டம் ஓடி வந்தது.

பணிப்பெண்ணின் அச்சத்தைப் போக்க? அதற்கும் ஒரு நாள் நீதிமன்றத்தின் கதவு தட்டப்பட்டது. 1800ஆம் ஆண்டு, கரோல் என்பாருக்கும் பேர்டு என்பாருக்கும் நடந்த வழக்கு. வேலையை விட்டுச் செல்லும் பணியாளுக்குச் சான்று தர எஜமானர் கடமைப்பட்டவரா என்பது கேள்வி. தலைமை நீதிபதி கென்யன் பிரபு தீர்ப்பளித்தார்: அப்படியொரு கடமை சட்டத்தில் இல்லை, கொடுப்பதும் கொடாததும் அவர் விருப்பம்! சேர்த்துப் படியுங்கள் இரண்டையும். சான்று இல்லாதவளுக்கு வேலை இல்லை என்பது வழக்கம்; சான்று கொடாமல் இருக்க உரிமை உண்டு என்பது சட்டம். அவதூறு எழுதினால் வழக்காடலாம், எழுதாமலே இருந்துவிட்டால்? மௌனத்தின்மீது யார் வழக்குத் தொடுப்பது? 1891ஆம் ஆண்டுக் கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டு வேலையிலே இருந்த பெண்கள் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அத்தனை பேருடைய வாழ்வும் அந்த மௌனத்துக்கு அஞ்சிய வாழ்வு.

பிரஷ்ய நாட்டார் இன்னும் ஒழுங்கானவர்கள்! தனித்தாள் எதற்கு என்று, 1846இல் பணியாள் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகமே வைத்துவிட்டனர். இருந்த வீடு, விலகிய காரணம், நடத்தை எல்லாம் அதிலே ஏறும். காவல் துறையின் பார்வைக்கும் போகும். அதற்கு முன்பே, 1810ஆம் ஆண்டுப் பணியாளர் விதியின் 77ஆம் பிரிவு என்ன கூறிற்று தெரியுமா? பணியாள் தகாத நடத்தையால் எஜமானருக்குச் சினமூட்டி, அச்சினத்தில் அவர் ஏசினாலும் இலேசாக அடித்தாலும், பணியாள் நீதி கேட்க முடியாது! 1918 நவம்பரில் மன்னராட்சி வீழ்ந்த மூன்றாம் நாள், புதிய ஆட்சியினர் வெளியிட்ட முதல் அறிவிப்பிலேயே அந்த விதிகள் ஒழிக்கப்பட்டன.

இனி, கடல் கடந்து அமெரிக்கா செல்வோம். விடுதலைச் சிலை விளக்கேந்தி நிற்கிற நியூயார்க் நகருக்கே செல்வோம்.

1929இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவு ஆலைகளை மூடிற்று. முதலில் வீதிக்கு விரட்டப்பட்டவர் கறுப்பின மக்கள். ஹார்லெமிலிருந்து காலை இரயிலேறிப் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்தனர் பெண்கள். ஜெரோம் அவென்யூவும் 167ஆம் தெருவும் கூடும் முனை; சிம்சன் தெருவையொட்டிய முனை. அங்கே நின்றனர், வெயிலிலும் பனியிலும். கையிலே ஒரு காகிதப் பை. பையிலே வேலைக்கு மாற்றுடை. ஸ்ட்ராட்ஃபோர்டுப் பெண் துடைப்பானை ஏந்தி நின்றாளே, அதே நிலை! நூற்றாண்டுகள் கடந்தும், கடல் கடந்தும், கையிலிருந்த அடையாளந்தான் மாறிற்று.

வருவார்கள் இல்லத்தரசிகள். கோமான் வீட்டுப் பெண்கள் அல்லர் பலர். அதற்குமுன் வேலையாள் வைக்க வகையற்றிருந்த நடுத்தரக் குடும்பத்தினர். ஏழ்மை மலிவாகிவிட்டதால், அவர்களும் வாங்க முடிந்தது! மணிக்கு 15 சென்ட் என்ற அளவுக்கும் பேரம் இறங்கிற்று. யார் நன்றாகத் தரை தேய்ப்பாள் என்று எப்படி அறிவது? சான்றுத்தாள் இல்லை. எனவே முழங்காலைக் காட்டச் சொன்னார்கள் என்றும், காய்த்துத் தழும்பேறிய காலுடையவளே முதலில் அமர்த்தப்பட்டாள் என்றும், போராட்ட வீராங்கனை ஆட்லி மூர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். லண்டன் சீமாட்டி மையால் எழுதிய சான்றைப் பிராங்க்சிலே தரை எழுதியிருந்தது, தோலின்மீது!

வீட்டுக்காரரின் நாணயம் எப்படி? வேலை ஏறிக்கொண்டே போகும், மணியோ நகராது. சுவர்க்கடிகாரத்தின் முள்ளைப் பின்னுக்குத் தள்ளிவைத்து, உழைத்த நேரத்தைத் திருடிய வீடுகள் உண்டு. பேசியதைவிடக் குறைத்துக் கொடுத்த வீடுகள் உண்டு. வெள்ளிக் கரண்டி ஒன்று குறைந்தால் காவலரை அழைக்கலாம். ஒரு மணி நேரம் களவு போனால் அவள் யாரை அழைப்பது?

இதனை ஊரறியச் செய்தவர் இருவர்: எல்லா பேக்கர், மார்வெல் குக். படித்த கறுப்பினப் பெண்கள். வேலை தேடுவோரைப்போல அந்த முனைகளிலே தாமும் நின்று, கண்டதையும் கேட்டதையும் 1935 நவம்பரில் 'தி கிரைசிஸ்' இதழிலே எழுதினர். 'பிராங்க்ஸ் அடிமைச் சந்தை' என்று தலைப்பிட்டனர். சுட்டது அந்தச் சொல். 1941இல் மேயர் லா கார்டியா, தெருமுனைக்கு மாற்றாகக் கூரையின்கீழ் ஆளமர்த்தும் கூடங்களைத் திறக்க ஏற்பாடு செய்தார். போர்க்காலத்திலே ஆலைகள் அழைத்தன, சந்தை மங்கிற்று. போர் முடிந்தது, ஆலைக் கதவு மூடிற்று, காகிதப் பைகள் மீண்டும் முனைக்கு வந்தன. 1950இல் மார்வெல் குக் மீண்டும் பையை ஏந்தி நின்று, வேலைக்கும் சென்று, 'டெய்லி காம்பஸ்' நாளேட்டிலே தொடர் எழுதினார். பதினைந்தாண்டுக்குப் பிறகும் அதே முனை! கூடம் கட்டினால் போதுமா, சட்டத்தின் காவல் வேண்டாமா? 1935ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டமும், அதே ஆண்டின் தொழிற்சங்க உரிமைச் சட்டமும், 1938ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வீட்டு வேலையாட்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டன. ஆலைத் தொழிலாளி தொழிலாளி. அவன் வீட்டைப் பெருக்குபவள் தொழிலாளி அல்லள்!

தெற்கே, அட்லாண்டா நகரில் டோரத்தி போல்டன் என்றொரு பெண். ஒன்பது வயதிலேயே வீட்டு வேலைக்குச் சென்றவர். இளம்பருவத்தில் ஒருநாள், வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், இன்னும் பாத்திரம் துலக்கச் சொன்னாள் எஜமானி. முடியாதென்று கிளம்பினார் டோரத்தி. காவலர் வந்தனர். வெள்ளைக்கார எஜமானியை எதிர்த்துப் பேசியவளுக்குச் சித்தம் பேதலித்திருக்க வேண்டும் என்று சிறைக்குக் கொண்டுபோய், மனநல மருத்துவரைக் கொண்டு சோதித்தனர்! பிரஷ்யாவின் 77ஆம் பிரிவு அடியைத்தான் அனுமதித்தது. இங்கே 'முடியாது' என்ற சொல்லே பைத்தியத்தின் அடையாளம் ஆயிற்று.

அந்தப் பெண் 1968இல் சங்கம் கண்டார். கூட்டம் கூட்ட மண்டபம் தேடவில்லை அவர். அதிகாலையில் வேலைக்குச் செல்லும் பெண்களும், அந்தியில் களைத்துத் திரும்பும் பெண்களும் ஏறும் நகரப் பேருந்துகள் இருந்தனவே! வழித்தடம் வழித்தடமாக ஏறினார். பக்கத்து இருக்கையிலே அமர்ந்து பேசினார். எவ்வளவு கூலி, எத்தனை மணி நேரம் என்று கேட்டார். சங்கத்தில் சேர ஒரு டாலர். அத்துடன், வாக்காளர் பட்டியலிலே பெயர் பதிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வாக்கு கேட்டு வரும் பெரிய மனிதர்கள், வீடு பெருக்கும் பெண்களின் அலுவலகப் படியேறலாயினர். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலையாட்களையும் தழுவியது 1974இல்.

சங்கம் வேலையும் தேடித் தந்தது, பயிற்சியும் தந்தது, எஜமானியிடம் எப்படிப் பேரம் பேசுவது என்றும் கற்பித்தது. நம்பகமான ஆள் வேண்டுமென்ற அட்லாண்டா வீட்டுக்காரர், இனி அங்கேயும் கேட்கலாம். கேட்டால், அவரிடமும் கேட்பார்கள்: எத்தனை அறை? எத்தனை மணிக்கு அனுப்புவீர்கள்? கூலி எவ்வளவு? பேருந்துக் கட்டணம் தனியாக உண்டா?