செனோட்டே: தண்ணீருக்கடியில் ஒரு சரித்திரம்

மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது யுகாத்தான் தீபகற்பம். அதன் வடபாதியில் சொல்லிக்கொள்ளும்படி ஆறே கிடையாது. மழை பெய்யாமல் இல்லை. ஆனால் தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் பாறைக்குள் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்து, உள்ளுக்குள்ளேயே குகைகளை உண்டாக்கி ஓடுகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடத்தில் கிணறு மாதிரி ஒரு பெரிய பள்ளம். அடியில் நீலமாக நல்ல தண்ணீர். இதற்குத்தான் செனோட்டே என்று பெயர். மாயா மொழியில் இருந்த சொல்லை ஸ்பானியர்கள் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

மாயா மக்களுக்குக் குடிதண்ணீரும் இதுதான், கோயிலும் இதுதான். சிச்சென் இட்சா என்ற அவர்களுடைய பெரிய நகரத்தின் பெயருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாயில்' என்று பொருள். அங்கே ஏறத்தாழ 60 மீட்டர் அகலத்தில் ஒரு புனித செனோட்டே இருக்கிறது. மழை வேண்டி அதில் மனிதர்களைப் பலி கொடுத்தார்கள் என்று 16-ம் நூற்றாண்டில் டியேகோ டி லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதி வைத்தார். அது உண்மையா, கட்டுக்கதையா? தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தால்தானே தெரியும்!

முதலில் இறங்கியவர்

இறங்கியவர் எட்வர்ட் தாம்சன். யுகாத்தானில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்தவர். சிச்சென் இட்சா இடிபாடுகள் இருந்த பண்ணையை மொத்தமாக விலைக்கு வாங்கினார். 1904-ல் வேலையைத் தொடங்கினார். மனித எடையுள்ள மரக்கட்டைகளை மேலிருந்து வீசி, அவை எங்கே விழுகின்றன என்று பார்த்து, அந்த இடத்தில் இரும்பு வாளியை இறக்கிச் சேற்றை அள்ளினார். முதலில் நாள்கணக்கில் வெறும் சேறுதான். பிறகு கோபால் என்கிற சாம்பிராணி உருண்டைகள் வந்தன. அதற்குப் பின் பச்சை ஜேட் கற்கள், தங்கத் தகடுகள், மனித எலும்புகள்.

1909-ல், கடற்பஞ்சு எடுக்கும் கிரேக்க முக்குளிப்பவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, செம்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு தாம்சனே உள்ளே இறங்கினார். சேற்றுத் தண்ணீரில் கண் தெரியாது. கையால் தடவித்தான் தேடினார்கள்.

எலும்புகளைப் பின்னால் ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பலியிடப்பட்டவர்கள் கன்னிப்பெண்கள் மட்டுமே என்று பரவலாகச் சொல்லப்பட்ட கதை தப்பு. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோருமே அதில் இருந்தார்கள்.

ஆனால் இதில் இரண்டு பெரிய இழப்புகள். ஒன்று, வாளி போட்டு அள்ளியதால் எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது, எது முந்தியது, எது பிந்தியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு, கிடைத்தவற்றில் பெரும்பகுதி மெக்சிகோவைத் தாண்டி ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 1926-ல் மெக்சிகோ அரசு தாம்சனின் பண்ணையைப் பறிமுதல் செய்தது. வழக்கு 1944 வரை நடந்து, தீர்ப்பு தாம்சன் பக்கம் வந்தது. அதற்குள் அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அருங்காட்சியகம் 1970-ல் ஒரு பகுதிப் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது.

கணக்கு வாத்தியார் எழுதிய விதி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்கூபா சிலிண்டர் எல்லோர் கைக்கும் வந்தது. 1960-61-ல் மெக்சிகோவின் முக்குளிப்பாளர்களே புனித செனோட்டேயில் இறங்கினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து நன்னீர்க் குகைகளில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இறங்க ஆரம்பித்தார்கள். சாவுகளும் ஆரம்பித்தன.

கடலில் ஏதாவது கோளாறு என்றால் மேலே வந்துவிடலாம். குகையில் மேலே இருப்பது பாறை. துடுப்புக் காலால் ஒரு உதை கூடுதலாக விட்டால் போதும், தரையில் படிந்த வண்டல் கிளம்பிவிடும். கையில் எவ்வளவு பெரிய விளக்கு இருந்தாலும் எதுவும் தெரியாது. வந்த வழி இரண்டடி தூரத்தில் இருக்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் காற்று தீர்ந்துபோகும். இறந்தவர்களில் கடலில் நல்ல அனுபவம் உள்ளவர்களும், ஏன், பயிற்சி ஆசிரியர்களும்கூட இருந்தார்கள்.

ஷெக் எக்ஸ்லி ஃப்ளோரிடாவில் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியர். ஒவ்வொரு விபத்தையும் எடுத்துவைத்து, எது காரணம் என்று பிரித்துப் பார்த்தார். 1979-ல் ஒரு சிறிய புத்தகமாக வெளியிட்டார். அவர் கண்ட முக்கிய விதிகள் எளிமையானவை. வெளியிலிருந்து உள்வரை அறுபடாத ஒரு கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மிச்ச ஒரு பங்கு ஆபத்துக்கு. பயிற்சிக்கு மீறிய ஆழம் கூடாது. முறையான பயிற்சியும், ஆளுக்கு மூன்று விளக்கும் பின்னால் சேர்ந்தன. இன்றும் செனோட்டே குகைகளில் முக்குளிப்பவர்கள் இதன்படிதான் போகிறார்கள்.

அந்த எக்ஸ்லியும் 1994 ஏப்ரல் 6 அன்று மெக்சிகோவின் ஸகத்தோன் என்ற நீர்ப்பள்ளத்தில், 260 மீட்டருக்கும் கீழே போகும் முயற்சியில் இறந்தார். விதி எழுதியவருக்கும் தண்ணீர் சலுகை காட்டவில்லை.

இருட்டில் ஒரு பெண்

2007-ல் மூன்று முக்குளிப்பாளர்கள் துலும் ஊருக்கு அருகில் நீண்ட குகை வழியே போனபோது, திடீரென்று தரை காணாமல் போய் ஒரு பெரும் இருட்டுப் பள்ளம் வந்தது. ஓயோ நெக்ரோ, அதாவது கருங்குழி, என்று பெயர் வைத்தார்கள். அடியில் யானை இனத்தைச் சேர்ந்த, அழிந்துபோன விலங்குகளின் எலும்புகள். நடுவே ஒரு மனித மண்டையோடு.

பதினைந்து பதினாறு வயதுப் பெண். நையா என்று பெயரிட்டார்கள். வாழ்ந்தது ஏறத்தாழ 12,000 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன். அது பனியுகத்தின் கடைசிக் கட்டம். கடல் மட்டம் இன்றைவிட மிகத் தாழ்வாக இருந்ததால் குகைகள் காய்ந்து கிடந்தன. இருட்டில் நடந்துபோய் பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. பிறகு கடல் ஏற, குகையிலும் தண்ணீர் ஏறி அவளை மூடிக் காப்பாற்றியது. அவளுடைய பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ. இன்றைய அமெரிக்கப் பூர்வகுடிகளோடு தொடர்பு காட்டுவதாக 2014-ல் அறிவித்தார்கள்.

தாம்சனிடமிருந்து இவர்கள் வேறுபட்டது இங்கேதான். கண்டவுடன் எதையும் அள்ளவில்லை. படம் எடுத்தார்கள், அளந்தார்கள், அரசின் தொல்லியல் துறையிடம் சொன்னார்கள். எது எங்கே கிடந்தது என்று தெரிந்ததால்தான் அவள் எப்படி இறந்தாள் என்றே நமக்குத் தெரிகிறது.

இனி?

சாக் அக்துன், டோஸ் ஓஹோஸ் என்ற இரண்டு குகைத் தொடர்களும் ஒன்றுதான் என்று 2018-ல் முக்குளிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். மொத்தம் 347 கிலோமீட்டர்! ஒரு செனோட்டேயில் கலக்கும் கழிவுநீர் எத்தனை கிணறுகளுக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மக்கள் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே மாயா ரயில் பாதை போட்டபோது, குகைக் கூரையைத் துளைத்து இரும்புத் தூண்களை இறக்கினார்கள். அதைப் படம்பிடித்து வெளியே காட்டியவர்களிலும் இதே குகை முக்குளிப்பாளர்கள் உண்டு.

பல செனோட்டேகளில் குளிக்க வருபவர்களிடம், உடம்பில் பூசிய கிரீமைக் கழுவிவிட்டு இறங்கச் சொல்வார்கள். பயணிகள் சிலர் சலித்துக்கொள்வார்கள். கீழே இன்னும் யார் யார் கிடக்கிறார்களோ, மேலே எத்தனை வீடுகளில் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களோ! என்னைக் கேட்டால், ஐந்து நிமிடக் குளியல் அதற்கு அதிகமே இல்லை.