வேலிக்கு அந்தப்பக்கம் விழுந்த முயல்

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாடு வளர்ந்தது இந்தக் காடுகளில்தான். மாட்டுக்குப் பேர் உண்டு. பட்டக்காரருக்குப் பேர் உண்டு. கிளுவைப் போத்து வெட்டி நட்ட மாதாரிகளுக்குப் பேர் இல்லை.

என் தாத்தா பண்ணையத்தில் இருந்தவர். முயல் வேட்டையைப் பற்றிச் சொல்வார்: "நாயி தொரத்துச்சு. நான் உட்ட தடி மேல பட்டு, வேலிச் சந்துல பூந்து அந்தப்பக்கம் போயி உழுந்துருச்சு. கண்ணுக்கு முன்னால கெடக்குது. நாயி உள்ள போவுது, நான் போவ முடியாது. 'சாமீ, பண்ணாடி'ன்னு வெளிய நின்னு கத்தோணும். அவிய வந்தா முயலு அவியளுக்கு, கொடலு நாய்க்கு."

அந்த முயல் யாருடையது?

காட்டு விலங்கு பிடித்தவனுக்கே சொந்தம். ஆனால் நிலத்துக்காரன் உள்ளே வராதே என்று தடுக்கலாம் என்றது 6ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்டம். அத்துமீறி நுழைந்தவன் கொன்ற முயல் நிலத்துக்காரனுக்கே என்று 1865இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நமக்கு வாய்த்தது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். நிலத்தை அனுபவிப்பவருக்கு 'எரிச்சலூட்டும்' நோக்கத்தோடு நுழைந்தாலே குற்றம் என்றது அதன் 441ஆம் பிரிவு. 2024இல் சட்டத்தின் பேர் மாறியது. இந்த விதி மாறவில்லை. ஒரு சக்கிலியன் உள்ளே கால் வைத்தது என்றைக்கு எரிச்சலூட்டாமல் இருந்தது?

மனுவையும் கேட்போம். 9ஆம் அத்தியாயம், 44ஆம் சுலோகம்: காட்டைத் திருத்தியவனுக்கு வயல், முதலில் அம்பெய்தவனுக்கு மான். மனைவி கணவனின் உடைமை என்று நிறுவுவதற்கு மனு இழுத்துவந்த உவமை இது. அவன் வாக்குப்படியே பார்த்தாலும் தடி எறிந்த தாத்தாவுக்கு முயல். முள் வெட்டி மண் திருத்திய எங்கள் சனத்துக்குக் காடு. அது நடக்காது. ஏனென்றால் 10ஆம் அத்தியாயம் சண்டாளருக்கு நாயையும் கழுதையையும் மட்டுமே சொத்தாக எழுதிவைத்திருக்கிறது. தாத்தாவின் கதையில் நாய் எங்களுடையது என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை, பாருங்கள்! 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் எரித்தது இந்தக் கணக்கைத்தான்.

இன்று முயல் வேட்டை குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடப்பட்ட உயிர் அரசின் சொத்து. சரி, முயலை விடுங்கள். அதுவும் பிழைத்துப் போகட்டும். கொறங்காடுகள் பல இடங்களில் மனையாகவும் மில்லாகவும் பனியன் கம்பெனியாகவும் விலைபோய்விட்டன. பேரப்பிள்ளைகள் சுற்றுச்சுவருக்குள் போகிறார்கள், ஷிப்ட் கணக்கில். விற்ற காசில் போத்து நட்ட கைக்கு ஒரு பங்கு வந்ததா?

தாத்தா வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டது முயலுக்காக. நாம் கூப்பிட வேண்டியது நிலத்துக்காக. 'சாமி' என்று அல்ல.