மடு மாதாவும் அகதிதான்

மடு என்று சொன்னால் எம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது ஆவணித் திருநாளும், காட்டு மரங்களுக்குக் கீழே அடித்த கொட்டில்களும்தான். வேதக்காரர் மட்டுமல்ல, சைவச் சனமும் நேர்த்தி வைத்துப் போகும். தெற்கிலிருந்து சிங்களச் சனமும் வரும். ஆனால் இவ்வளவு பெரிய கோயில் ஏன் நடுக்காட்டில் இருக்கிறது என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்டால், எங்களில் பலருக்குப் பதில் தெரியாது. அம்மம்மா சொல்லக் கேட்டதையும் பிறகு வாசித்து அறிந்ததையும் சேர்த்து இம்மலரில் எழுதுகிறேன்.

போத்துக்கேயர் காலத்தில் மன்னார்க் கரையில் கத்தோலிக்க வேதம் பரவியது. 1544இல் வேதத்தில் சேர்ந்த 600 பேரளவில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆட்களால் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. அதன் பின்னும் வேதம் அழியவில்லை. மாந்தையில் மாதாவுக்கு ஒரு கோயில் இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்கள் புரட்டஸ்தாந்துக்காரர். கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினார்கள். குருவானவருக்கு வீட்டில் ஒளிக்க இடம் கொடுத்தால் மரண தண்டனை.

1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டன என்பது மடுவின் பரம்பரைக் கதை. ஒல்லாந்தரின் கை எட்டாத வன்னிக் காட்டில், மருதமடு என்ற இடத்தில் அவர்கள் தங்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த 700 பேரளவில் அவர்களோடு சேர்ந்தார்களாம். ஓடுகிற நேரத்தில் தூக்குவதற்கு எத்தனையோ சாமான் இருந்திருக்கும். அவர்கள் மாதாவைத் தூக்கினார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து மறைவாகப் பூசை வைத்தார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே.

ஆங்கிலேயர் காலத்தில் பயம் நீங்கியது. 1872இல் யாழ்ப்பாண ஆயர் பொன்ஜீன் ஆண்டகை இன்றைய கோயிலுக்கு அத்திவாரக் கல் வைத்தார். 1924 ஜூலை 2ஆம் திகதி பாப்பரசரின் அனுமதியோடு சுரூபத்துக்கு முடி சூட்டினார்கள். வண்டில் கட்டிப் போன சனம் பிறகு றெயினில் மடு றோட்டில் இறங்கிக் காட்டுவழி போனது.

சனத்தின் பக்தியில் பெரிய இடம் மடு மண்ணுக்கு உண்டு. கோயில் வளவு மண் இருக்கிற வீட்டில் பாம்பு தீண்டாது என்று நம்புவார்கள். 2003இல், சமாதான காலம், நாங்கள் வான் பிடித்துப் போனோம். மூன்று நாள் மரத்துக்குக் கீழே சமைத்துச் சாப்பிட்டோம். அம்மா ஒரு பிடி மண்ணைச் சீலைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து வீட்டு வளையில் கட்டினா. பக்கத்து வீட்டுச் சைவ மாமியும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனா.

1990இலிருந்து சண்டைக்குத் தப்பிய ஆயிரக்கணக்கான சனம் கோயில் வளவில் தஞ்சம் புகுந்தது. ஐ.நா. அகதிகள் நிறுவனமும் அங்கே நின்றது. ஆனால் 1999 நவம்பர் 20ஆம் திகதி அங்கேயும் ஷெல் விழுந்தது. நாற்பது பேரளவில் செத்தார்கள், குழந்தைகளும் அதில். இரு தரப்பும் மற்றவர்தான் அடித்தது என்று சொன்னார்கள். மாதா ஏன் காப்பாற்றவில்லை என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்டால், என்னிடம் பதில் இல்லை. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். முந்நூறு வருசத்துக்கு மேல் கழித்து மாதா மறுபடியும் இடம்பெயர்ந்தா. அந்த ஆவணியிலேயே திரும்பி வந்தா. சனமும் திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே வந்து அந்தச் சனத்தோடு செபித்தார்.

இங்கே கோடை காலத்தில் எங்கள் சனம் மிட்லண்டில் உள்ள வேதசாட்சிகள் திருத்தலத்துக்கு யாத்திரை போகிறது. அந்த இடத்துக் கதையும் எங்களுக்குப் புதிதல்ல. 1649இல் எதிரிகளுக்குப் பயந்து, ஹியூறன் பழங்குடி மக்களும் குருமாரும் தாங்கள் கட்டிய குடியிருப்பைத் தாங்களே எரித்துவிட்டு ஒரு தீவுக்குத் தப்பினார்கள்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. மோர்னிங்சைட்டில் பஸ்ஸுக்கு என்னோடு நிற்கிற தம்பி ஒருவன், எங்கள் பக்டறியில்தான் வேலை. அகதியாக வந்தவன். ஆனால் எவராவது கேட்டால் "ஸ்பொன்சரில் வந்தனான்" என்று சொல்லுவான். "அகதி எண்டு சொன்னா மதிக்கமாட்டாங்கள் அண்ணை" என்றான். "மடு மாதாவை ஆரடா ஸ்பொன்சர் செய்தது?" என்று கேட்டேன். சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் பகிடிக்குக் கேட்கவில்லை. எங்கள் நாட்டின் பெரிய கோயில்களில் ஒன்றை அகதிகள்தான் உண்டாக்கினார்கள். ராசா கட்டவில்லை, கவர்னர் கட்டவில்லை. 20 குடும்பம்.

இந்தப் புத்தாண்டில் கைவிசேடம் கொடுக்கும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள். நாங்கள் எப்படி வந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.