அலவத்துகொட: கல் நடாத புதைகுழிகள்

பத்திரிகைப் பணியில் இருந்த காலந்தொட்டு என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு: “எங்கள் பாட்டனாரை அடக்கம் செய்த இடத்தைக் கண்டுபிடிக்க வழியுண்டா?” கேட்பவர்களுள் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் திருச்சியிலும் வாழ்பவர்கள், சிலர் ஐரோப்பாவில் இருப்பவர்கள். அவர்களுடைய வேர் கண்டிச் சீமையின் ஏதோவொரு தோட்டத்தில் இருக்கிறது.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில், அக்குறணையைக் கடந்தால் வருவது அலவத்துகொட. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரில் ஒரு பகுதியினர் கண்டிக்குச் சென்றது இத்திசையில்தான். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியிலேயே பலரைப் பறித்தன. தோட்டம் வந்து சேர்ந்து மாண்டவர்களுக்கு, பயிருக்கு உதவாத சரிவோ ஓடைக்கரையோ இடுகாடாயிற்று.

அதே காலத்து ஆங்கிலேயரைத் தேடுவது எளிது. கண்டியில் படையினருக்கான பழைய கல்லறைத் தோட்டம் இன்றும் பேணப்படுகிறது. 1824இல் இறந்த ஜோன் டொயிலி அங்கே துயில்கிறார். தேயிலை முன்னோடியான ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை மஹய்யாவையில் இருக்கிறது. 1892இல் அவருடைய உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டிவரை சுமந்து வந்தவை தொழிலாளரின் தோள்களே. சுமந்தவர்களுக்கு எங்கே கல்லறை? பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல் பெரிதும் ஐரோப்பியரைப் பற்றியதே. தமிழருள் வசதி படைத்த பெரிய கங்காணிமார் சிலருக்கே கல் நடப்பட்டது. மற்றவர்களுக்கு மண்மேடும் ஒரு செடியுமே அடையாளம்.

அந்த அடையாளமும் அழிந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பின் கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. 1977, 1983 வன்செயல்களில் எஞ்சியோரிலும் பலர் வன்னிக்குப் பெயர்ந்தனர். இடுகாட்டைச் சுட்டிக் காட்டக்கூடியவர்கள் போனபின், அந்நிலம் மிளகுத் தோட்டமாகவோ வீட்டு வளவாகவோ மாறுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும்?

ஆயினும் தேட வழியில்லாமற் போகவில்லை. முதலில் தோட்டத்தின் இரு பெயர்களையும் அறிதல் வேண்டும். தொழிலாளர் வழங்கிய தமிழ்ப்பெயர் வேறு, துரைமார் ஏட்டில் எழுதிய பெயர் வேறு. பிந்தையதை ஃபெர்குசன் டிரக்டரியின் பழைய பதிப்புகளில் காணலாம். அதைக் கொண்டு நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடத்தில் தோட்டத்தின் எல்லையைத் தேடலாம். அடுத்தது மரணப் பதிவு. தோட்ட மரணங்களைத் துரையே பதிவுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது; இலங்கையின் மரணப் பத்திரத்தில் அடக்கம் செய்த இடத்தைக் குறிக்கவும் கட்டம் உண்டு. இவற்றோடு நேரில் சென்று, அயற்கிராமத்துச் சிங்கள, முஸ்லிம் முதியவர்களையும் விசாரிக்க வேண்டும். தமிழர் வெளியேறிய இடங்களில் அந்நிலத்தின் பழங்கதையை அறிந்தவர்கள் அவர்களே.

இது நிலத்துக்கு உரிமை கோரும் முயற்சியன்று. கங்காணி ஒருவரின் கல்லில் சொந்த ஊரும் தாலுகாவும் பொறிக்கப்பட்டிருந்தால், அவரோடு வந்த முப்பது நாற்பது குடும்பங்களின் பூர்வீகத்துக்கும் அதுவே தடயமாகலாம். கங்காணி தம் ஊரிலும் உறவிலுமிருந்தே பெரும்பாலும் ஆள் திரட்டினார்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிறந்த முதியவர் எவரேனும் இருந்தால், தோட்டத்தின் தமிழ்ப்பெயரையும் கங்காணியின் பெயரையும் இடுகாடு இருந்த திக்கையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். ஏடுகள் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க இயலாது.