மவுண்ட் லோரல் வழக்கு



நூறு வீடுகள் கட்டி விற்க முனையும் ஒருவர் அனுமதி கேட்குமிடத்து, அவற்றுள் ஒரு பங்கைக் குறைந்த வருவாயினருக்கு ஒதுக்குமாறு நிபந்தனை விதிக்கும் முறை இன்று பல நாடுகளில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த நியூ ஜேர்சி மாநிலத்தில் இம்முறை ஒரு பெண்மணியின் வழக்கினால் வேரூன்றியது. அவ்வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

பிலடெல்பியா நகருக்குக் கிழக்கே, டெலவெயர் ஆற்றுக்கு அப்பால், மவுண்ட் லோரல் என்னும் ஊர் உளது. கமத்தொழில் ஊராயிருந்த அது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகராய் வளர்ந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கறுப்பின மக்களுட் சிலர், கோழிக்கூடுகளைத் திருத்தியமைத்த குடில்களிற் குடியிருந்தனர். அவர்களுக்கென 36 மாடிவீடுகள் கட்ட முயன்றபோது ஊர்ச்சபை இணங்கவில்லை. இங்கு வாழ வசதியற்றோர் வெளியேற வேண்டியதுதான் என, 1970 இல் தேவாலயமொன்றிற் கூடியிருந்தோரிடம் மேயர் கூறினார். குழந்தைகள் பராமரிப்பு நிலையத்திற் பணிபுரிந்த எத்தெல் லோரன்ஸ் அம்மையார் முதலானோர் 1971 இல் வழக்குத் தொடுத்தனர்.

வழக்கிலே வெளிவந்த செய்தியொன்று, பாடசாலை அதிபராகிய என் நெஞ்சை உறுத்துவது. ஊரார் செலுத்தும் சொத்துவரியே பாடசாலையை நடத்தும் பணம். ஆகவே, பிள்ளைகள் மிகுந்தால் வரி மிகும் என்ற அச்சம். பெருந்திட்டங்களுக்கு அனுமதி பெற்ற கட்டட நிறுவனத்தார், ஓர் அறை வீட்டிலே பள்ளிப் பிள்ளை எவரையும் குடியிருத்தலாகாது என்று வாடகை உடன்படிக்கையில் எழுத வேண்டியிருந்தது. பத்து மாடிவீடுகளுக்கு மூன்று பிள்ளைகள் என்ற கணக்கை விஞ்சினால், விஞ்சிய பிள்ளைகளின் கல்விச் செலவையும் அவர்களே இறுக்க வேண்டும்! ஆக, கட்டுவோர்மீது கடமை சுமத்துவது அவ்வூருக்குப் புதியதன்று. அக்கடமை பிள்ளைகளை விலக்குவதற்காக இருந்தது, அவ்வளவே.

1975 மார்ச் 24 ஆம் நாள் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளரும் ஊர் ஒவ்வொன்றும் தன் பிரதேசத்து வறியோரின் வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்றல் வேண்டும் என நீதியரசர் ஹோல் எழுதினார். ஊர்ச்சபையோ தன் நிலத்தில் நூற்றுக்குக் கால் வீதமும் தேறாத மூன்று துண்டுகளை ஒதுக்கிவிட்டு வாளாவிருந்தது. எட்டாண்டுகள் சென்றும் அவற்றில் ஒரு வீடுதானும் எழவில்லை.

ஏன்? தீர்ப்பை நடைமுறைப்படுத்துவதில் ஆதாயமுடையவர் எவருமிலர். வழக்காடுதற்கு வறியோரிடம் பணமில்லை. இதனை நன்குணர்ந்தவர் பிரதம நீதியரசர் வில்லென்ஸ். 1983 ஜனவரி 20 இல் அவர் வழங்கிய இரண்டாந் தீர்ப்பு, கட்டட வணிகரின் இலாபத்தையே வண்டியிற் பூட்டியது. தன் பங்கை நிறைவேற்றாத ஊர்மீது வழக்காடி வெல்லும் வணிகர், பொதுவாக ஐந்திலொரு வீட்டை எளியோருக்கு ஒதுக்குவாராயின், தக்க இடத்திற் கட்டும் அனுமதியை நீதிமன்றமே பெற்றுக்கொடுக்கும். எஞ்சிய நான்கின் விற்பனையிலே அவர் ஈடுசெய்துகொள்வார். வணிகர் வழக்குகளோடு விரைந்தனர், ஊர்ச்சபைகள் கலங்கின.

1985 இல் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றி, இப்பொறுப்பை ஒரு மன்றத்திடம் ஒப்படைத்தது. அதிலும் ஒரு சந்து வைத்தார்கள்: தன் பங்கிற் பாதிவரை, பணங்கொடுத்து வேறோர் ஊரின் தலையிற் கட்டிவிடலாம். செல்வ ஊர்கள் இதனைத் தாராளமாகப் பயன்படுத்தின. அச்சந்து 2008 இலேதான் அடைக்கப்பட்டது.

எத்தெல் லோரன்ஸ் 1994 இல் காலமானார். அவர் கேட்ட வீடுகள் அப்போதும் கட்டப்படவில்லை. 1997 இல், பெருங்கூச்சல் நிறைந்த கூட்டங்களுக்குப் பின், மவுண்ட் லோரல் திட்டச்சபை அனுமதி வழங்கிற்று. 2000 ஆம் ஆண்டின் இறுதியில் முதற்குடும்பங்கள் குடிபுகுந்தன. பின்னர் வீடுகளின் தொகை 140 ஆயிற்று. அயலாரின் வீட்டு விலை வீழும், களவு பெருகும் என்று அஞ்சியவை நிகழவில்லை எனச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டனர். அக்குடியிருப்புக்கு எத்தெல் லோரன்ஸ் இல்லங்கள் என்று பெயர்.