அம்மாவின் சேலைத் துண்டு தபாலில் போகுது! துணி அட்டைப் பரிமாற்றத்தில் நீங்களும் சேரலாம்

பீரோவின் அடித்தட்டைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பிட்டு, பார்டர் மட்டும் இன்னும் பளபளக்கும் கிழிந்த பட்டு, அம்மா கட்டிக் கட்டி நைந்துபோன சுங்குடி... தூக்கிப்போட மனசு வராது. வைத்திருந்தும் பயன் இல்லை.

அதிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துண்டை எடுத்து, கையால் தைத்து, முன்பின் தெரியாத ஒருவருக்குத் தபாலில் அனுப்புகிறீர்கள். பதிலுக்கு இன்னொருவர் தைத்த அட்டை உங்கள் வீட்டுக்கு வருகிறது. காசு இல்லை, போட்டி இல்லை. இதுதான் துணி அட்டைப் பரிமாற்றம்.

எங்கே ஆரம்பித்தது?

1997-ம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் வென்சி ஸ்டிர்னமான் என்ற கலைஞர், தானே செய்த 1,200 குட்டி அட்டைகளைக் கண்காட்சியாக வைத்தார். விளையாட்டு வீரர்களின் படம் போட்டுச் சிறுவர்கள் மாற்றிக்கொள்வார்களே, அந்த அட்டைகளின் அளவுதான். கண்காட்சியின் கடைசி நாளில், பார்க்க வந்தவர்களையும் அட்டை செய்து எடுத்துவரச் சொன்னார். வந்தவர்களோடு மாற்றிக்கொண்டார். அதே ஆண்டில் டான் மேபி என்ற கலைஞர் மூலம் கனடாவின் கால்கரி நகருக்கும் இந்தப் பழக்கம் போனது. இதற்கு 'ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு' என்று பெயர், சுருக்கமாக ஏ.டி.சி. காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, ஊசி நூல் பிடித்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

விதி ரெண்டே ரெண்டு!

முதலாவது, அளவு. அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம். அதாவது, 64-க்கு 89 மில்லிமீட்டர். 'கால் அங்குலம் கூடினா என்ன ஆகிடும்?' என்று நினைக்காதீர்கள். இந்த அட்டைகளைச் சேர்த்துவைக்க, ஒரு பக்கத்துக்கு 9 அறைகள் உள்ள பிளாஸ்டிக் ஆல்பம் தாள்கள் இருக்கின்றன. அளவு கூடினால் உங்கள் அட்டை மட்டும் உள்ளே போகாது.

இரண்டாவது, விற்கக் கூடாது. மாற்றிக்கொள்ள மட்டுமே. இதே அளவில் விற்பதற்காகவே செய்பவர்களும் உண்டு. ஆனால், அதற்கு ஏ.சி.இ.ஓ என்று வேறு பெயர்.

செய்வது எப்படி?

துணி தனியாக நிற்காது. மேலே ஒரு துணி, நடுவில் விறைப்புக்கு ஒன்று, பின்னால் ஒரு துணி என மூன்று அடுக்கு வேண்டும். நடுவில் வைக்க, சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் போதும். டெய்லரிங் சாமான் கடையில் கேளுங்கள். அயர்ன் பாக்ஸ் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

• ஒரு பழைய அட்டையில் சரியான அளவுக்கு 'ஜன்னல்' வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் துணிமேல் நகர்த்திப் பார்த்தால், எந்த இடம் அழகாக விழுகிறது என்று தெரிந்துவிடும்.

• மேல் துணியை மூன்றுக்கு நான்கு அங்குலமாக வெட்டி, கேன்வாஸில் ஒட்டித் தையல் வேலையை முடியுங்கள். தைக்கத் தைக்கத் துணி கொஞ்சம் சுருங்கும். அதனால், பின் துணியையும் சேர்த்த பிறகு கடைசியாகத்தான் சரியான அளவுக்கு நறுக்க வேண்டும்.

• ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்க, மெஷினில் ஜிக்ஜாக் அடிக்கலாம். கையால் என்றால், பட்டன் ஓட்டைக்குப் போடும் காஜா தையல்.

எம்பிராய்டரி தெரியாதே என்ற கவலை வேண்டாம். ஓட்டுத்தையல் தெரிந்தால் போதும். வங்காளத்தின் காந்தா வேலைப்பாடே, பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் இணைப்பதில் பிறந்ததுதான்.

பின்பக்கம் உங்கள் பெயர், ஊர், தேதி, அட்டைக்கு ஒரு தலைப்பு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே மாதிரி ஐந்து செய்திருந்தால் 1/5, 2/5 என்று எண் போடுவது வழக்கம். துணி எது என்றும் ஒரு வரி எழுதுங்களேன். 'அம்மாவின் சுங்குடி, மதுரை' என்ற மூன்று வார்த்தைகள் போதும். அதைப் பெறுபவருக்கு அது வெறும் துணியாக இருக்காது.

மாற்றிக்கொள்வது எப்படி?

இருவர் நேரடியாக மாற்றிக்கொள்வது ஒரு முறை. இன்னொன்று குழு முறை. ஒருங்கிணைப்பவர் ஒரு தலைப்பும் கடைசித் தேதியும் சொல்வார். நீங்கள் ஐந்து அட்டைகளை அனுப்பினால், அவர் எல்லோருடையதையும் கலந்து, ஐந்து வேறு வேறு ஆட்களின் அட்டைகளைத் திருப்பி அனுப்புவார். திரும்பி வருவதற்கான கவரையும் தபால்தலையையும் நீங்களே சேர்த்து வைக்க வேண்டியிருக்கும்.

புதிதாகச் சேருபவர்களுக்குக் குழு முறைதான் நல்லது. உங்கள் முகவரி ஒருங்கிணைப்பவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அட்டையின் பின்னால் வீட்டு முகவரியோ, போன் நம்பரோ எழுத வேண்டாம்.

தபாலில் போடும் முன்...

ஒவ்வோர் அட்டையையும் சின்ன பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மழைக்காலத்தில் இது ரொம்ப முக்கியம். பிறகு இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கவரில் போட்டு, 'மடக்க வேண்டாம்' என்று எழுதுங்கள். பெரிய மணி, கண்ணாடி, உலோகத் துண்டு எல்லாம் வேண்டாம். முத்திரை குத்தும்போது உடையும், கவரைக் கிழிக்கும்.

உள்ளூர்க் கடிதத்துக்கான 5 ரூபாய் தபால்தலை 20 கிராம் வரைதான். மூன்று அடுக்குத் துணி அட்டைகள் ஐந்து இருந்தால் அதைத் தாண்டிவிடலாம். கவுன்டரில் எடை போட்டே ஒட்டுங்கள். தபால்தலை குறைந்தால், பெறுபவர் தலையில்தான் கூடுதல் கட்டணம் விழும். எங்கே போகிறது என்று கண்காணிக்க விரும்பினால் ஸ்பீடு போஸ்ட் இருக்கிறது. பழைய ரிஜிஸ்டர் தபாலும் 2025-ல் அதோடு இணைந்துவிட்டது. அனுப்பும் முன் ஒவ்வோர் அட்டையையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் உங்களிடம் மிஞ்சுவது அதுதான்.

வராமல் போனால்?

போகலாம். தபாலில் தொலையலாம், எதிர்முனையில் இருப்பவர் அனுப்பாமலே இருந்துவிடலாம். வந்த அட்டை உங்கள் உழைப்பில் பாதிகூட இல்லாமலும் இருக்கலாம். அது ஒருவர் நடுங்கும் விரல்களோடு தைத்த முதல் அட்டையாகவும் இருக்கலாம் அல்லவா? எனவே, வந்ததும் 'கிடைத்தது, நன்றி' என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். குறித்த தேதிக்குள் முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசு இல்லாத கொடுக்கல் வாங்கலில் முதலீடே வாக்குதான்.

அம்மாவின் சேலையில் கத்திரி வைக்கக் கை வரவில்லையா? ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்தரை மீட்டர் சேலையில் இந்த அளவுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். உங்களுக்குத் தேவை ஐந்தோ ஆறோதான். கிழிந்த மடிப்புக்குப் பக்கத்தில் எடுங்கள். முந்தானையைத் தொட வேண்டாம். முதல் அட்டையை யாருக்கும் அனுப்பாமல் உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், போனது திரும்பி வராது.

பீரோவுக்குள் மடித்தே கிடந்திருந்தால் பூச்சி அரித்திருக்கும். இப்போது, அம்மா பார்த்திராத ஓர் ஊரில், யாரோ ஒருவரின் ஆல்பத்தில், ஊர்ப் பெயரோடு அது இருக்கும்!